ஒரே யுத்தம், இரண்டு பென்ஷன்



கொஞ்ச நாளாக நமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு பதிவு சுற்றுகிறது. மொரோக்கோ சிப்பாய்கள் தலைப்பாகையோடு வரிசையில் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். ஹிட்லரிடமிருந்து பிரான்ஸை மீட்டவர்கள் முஸ்லிம்கள்தான் என்று தலைப்பு. கீழே நூற்றுக்கணக்கில் மாஷா அல்லாஹ். பகிர்ந்தவர்களில் என்னிடம் படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள், கூடப் படிப்பிக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

பெருமைப்படுவதில் தவறில்லை. தலைப்பு கொஞ்சம் மிகைதான், ஆனால் அடிப்படையில் பொய்யில்லை. 1944 மே மாதம் இத்தாலியில் மொண்டே கசினோ பக்கத்து மலைகளில் ஜேர்மன் அரணை உடைத்ததில் மொரோக்கோ, அல்ஜீரியச் சிப்பாய்களுக்குப் பெரிய பங்குண்டு. அதே ஆண்டு ஓகஸ்ட் 15இல் தென் பிரான்ஸில் தரையிறங்கிய பிரெஞ்சுப் படையிலும் ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்கள் ஏராளம். அந்த மொரோக்கோப் படையினர் இத்தாலியப் பெண்களுக்கு இழைத்த கொடுமைகளும் வரலாற்றில் இருக்கின்றன. பெருமையைச் சொல்கிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். சொல்வதில்லை.

என்னுடைய பிரச்சினை வேறு. அந்தப் பதிவு 1945இல் முடிந்துவிடுகிறது. அந்த மனிதர்கள் அதற்குப் பிறகும் ஐம்பது அறுபது வருடம் உயிரோடு இருந்தார்கள். அவர்களுக்கு வயதானது, காயம்பட்ட காலோடு வாழ்ந்தார்கள், மாதாமாதம் பென்ஷன் எடுத்தார்கள். அந்தப் பென்ஷன் கதையை யாரும் பகிர்வதில்லை.

சுருக்கமாகச் சொன்னால், 1959 டிசம்பரில் பிரான்ஸ் தன் நிதிச் சட்டத்தில் 71ஆம் பிரிவு என்று ஒன்றைச் சேர்த்தது. பிரான்ஸின் ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளின் பிரஜைகளுக்கு, பிரெஞ்சு இராணுவத்தில் சேவை செய்ததற்காகக் கிடைத்து வந்த பென்ஷன் அன்றைய தொகையிலேயே நிற்கும், இனி உயராது. அவ்வளவுதான். இதற்கு அவர்கள் வைத்த பெயர் "படிகமாக்கல்". தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாவது போல பென்ஷனை உறைய வைப்பது. மொரோக்கோ, டியூனீசியா என்று தொடங்கி, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு திகதியாக, பிறகு செனகல், அல்ஜீரியா என்று எல்லாரும் இதற்குள் வந்தார்கள்.

கவனியுங்கள், யாருடைய பென்ஷனையும் நிறுத்தவில்லை. குறைக்கவும் இல்லை. நிறுத்தியிருந்தால் உலகம் கத்தியிருக்கும். உறைய வைத்தார்கள், விலைவாசி மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது. பிரெஞ்சுக்காரனின் பென்ஷன் வருடா வருடம் ஏறியது. அதே பதுங்கு குழியில் அவனோடு கிடந்த மொரோக்கோக்காரனுடையது அப்படியே நின்றது.

முடிவு என்ன? 2000களின் நடுப்பகுதியில் பிரெஞ்சுப் பத்திரிகைகள் எழுதிய கணக்கு இது. யுத்தத்தில் நூறு வீதம் அங்கவீனமான பிரெஞ்சுச் சிப்பாய்க்கு மாதம் சுமார் 690 யூரோ. அதே நிலையிலுள்ள செனகல்காரருக்கு சுமார் 230. கமரூன்காரருக்கு 104. மொரோக்கோ, டியூனீசியாக்காரருக்கு 61. போன கால் ஒன்றுதான். அதற்கு நாட்டுக்கு நாடு விலை வைத்தார்கள்.

இதற்குச் சொல்லப்பட்ட நியாயம் நமக்கெல்லாம் பழக்கமானது. அங்கே வாழ்க்கைச் செலவு குறைவு, அவர்களுக்கு இவ்வளவு போதும். சவூதியிலும் கட்டாரிலும் வேலை செய்த நம் ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். ஒரே அலுவலகம், ஒரே மேசை, ஒரே வேலை, ஆனால் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சம்பளம். கேட்டால், உங்கள் நாட்டில் இது பெரிய காசுதானே என்பார்கள். தொழிலாளியின் வியர்வையைப் பற்றிய ஹதீஸை மிம்பரில் ஓதுகிற நாடுகளிலும் இதுதான் நடப்பு. பிரான்ஸை ஏசும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்த நியாயத்தை உடைத்தவர்கள் பெரிய தலைவர்களோ நடிகர்களோ அல்ல, செனகலைச் சேர்ந்த 743 ஓய்வுபெற்ற சிப்பாய்கள். 1985இல் பதிவான அவர்களுடைய முறைப்பாடு ஐ.நா. மனித உரிமைகள் குழுவுக்குப் போனது. 1989 ஏப்ரலில் குழு தன் முடிவைச் சொன்னது. வகுப்பில் தர்க்கம் படிப்பிக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பென்ஷன் எதற்காகக் கொடுக்கப்படுகிறது? செய்த சேவைக்காக. பிரஜாவுரிமை பிறகு மாறலாம், செய்த சேவை மாறுமா? அடுத்தது, வாழ்க்கைச் செலவுதான் காரணம் என்றால், ஓய்வுபெற்று செனகலிலேயே குடியிருக்கும் பிரெஞ்சுச் சிப்பாயின் பென்ஷன் ஏன் உறையவில்லை? அவரும் அதே டக்கார் சந்தையில்தானே மீன் வாங்குகிறார்?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அப்படியானால் செலவு வெறும் சாட்டு. அசல் காரணம் பிரஜாவுரிமை என்று வெளிச்சமாகிவிட்டது. சமத்துவ உரிமை மீறப்பட்டிருக்கிறது என்று குழு தீர்த்தது.

பிரான்ஸ் உடனே திருத்தியதா? இல்லை. குழுவின் கருத்து கட்டாயப்படுத்தாது, நாடுகள் விரும்பினால் கேட்கும். பிறகு ஒரு செனகல் முன்னாள் சார்ஜன்ட், அமது டியோப் என்பவர், பிரெஞ்சு நீதிமன்றத்துக்கே போனார். அந்த நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2001 நவம்பர் 30ஆம் திகதி, இது பாரபட்சம் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது டியோப் உயிரோடு இல்லை. அதற்குப் பிறகும் அரசாங்கம் 2002இல் ஒரு புதுச் சூத்திரம் கொண்டு வந்தது. உறைந்ததைக் கொஞ்சம் உருக்குகிறோம், ஆனால் வசிக்கும் நாட்டின் வாங்கும் சக்தியைப் பார்த்துத்தான் உருக்குவோம் என்று. முன்கதவால் துரத்திய வாழ்க்கைச் செலவுக் கதை பின்கதவால் உள்ளே வந்தது.

2006இல் ரஷித் பூஷாரப் என்ற இயக்குநர் இந்தச் சிப்பாய்களைப் பற்றிப் படம் எடுத்தார். "ஆந்திஜேன்", அதாவது சுதேசிகள். கான் விழாவில் அதன் ஐந்து நடிகர்களுக்கும் சேர்த்துச் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள். ஜனாதிபதி ஜாக் சிராக் படத்தைப் பார்த்தார். செப்டம்பரில் படம் திரைக்கு வந்த சமயம், யுத்த அங்கவீனப் பென்ஷனும் போராளிகளுக்கான கொடுப்பனவும் எல்லாருக்கும் சமமாகும் என்று அறிவிப்பு வந்தது. சுமார் 80,000 பேர், 20க்கு மேற்பட்ட நாடுகள், 2007இலிருந்து. நாற்பது வருடத்துக்கு மேலாகப் பிடித்து வைத்த நிலுவை? அது கிடையாது.

படம் பார்த்து மனமிரங்கினார் என்று எல்லாரும் பாராட்டினார்கள். எனக்கு அதில் கோபம்தான் வருகிறது. 743 கையெழுத்துக்கும் ஐ.நா. முடிவுக்கும் தன் சொந்த நீதிமன்றத் தீர்ப்புக்கும் முழுதாக இரங்காத மனம் ஒரு சினிமாவுக்கு இரங்கியதாம். அதிலும் வருடக்கணக்கான சேவைக்குரிய ஓய்வூதியம் அந்த அறிவிப்பில் சேரவில்லை. அதற்கு இன்னொரு வழக்கு வேண்டியிருந்தது, அல்ஜீரியக் குடும்பமொன்று போட்டது. பிரான்ஸில் சாதாரண மனிதர் ஒருவர் தன் வழக்கினூடாக ஒரு சட்டத்தை அரசியலமைப்பு மன்றத்துக்குக் கொண்டுபோகும் வழி 2010 மார்ச்சில்தான் திறந்தது. அந்த வழியாக வந்த முதலாவது தீர்ப்பே இதுதான், 2010 மே 28. செனகல் சிப்பாய்கள் கேட்ட அதே கேள்வியைத்தான் அந்த மன்றமும் கேட்டது. ஒரே வெளிநாட்டில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கும் இருவருக்கு, பிரஜாவுரிமையை மட்டும் பார்த்து எப்படி இரண்டு தொகை? 2011இலிருந்து சேவை ஓய்வூதியமும் சமமானது. சட்டம் 1959, சமத்துவம் 2011. இருபது வயதில் மொண்டே கசினோவில் நின்றவருக்கு அப்போது 87 வயது, இருந்தால்.

இதற்கெல்லாம் முன்னால் தியாரோய் நடந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. ஜேர்மன் சிறை முகாம்களிலிருந்து மீண்டு செனகலுக்குத் திரும்பிய ஆபிரிக்கச் சிப்பாய்கள், தங்களுக்குச் சேர வேண்டிய நிலுவைச் சம்பளத்தைக் கேட்டார்கள். 1944 டிசம்பர் 1ஆம் திகதி அதிகாலை, டக்காருக்குப் பக்கத்து முகாமில் அவர்களைச் சுட்டது அவர்கள் யாருக்காகச் சண்டை போட்டார்களோ அதே இராணுவம். 35 பேர் என்றது அன்றைய அறிக்கை. அதைவிட எவ்வளவோ அதிகம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அது படுகொலைதான் என்று பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன் எழுத்தில் ஒப்புக்கொண்டது 2024 நவம்பரில், 80 வருடம் கழித்து.

இன்னும் ஒன்று. பிரான்ஸில் குறைந்த வருமானமுள்ள வயோதிபர்களுக்கு ஒரு கொடுப்பனவு உண்டு, 2023இல் அது மாதம் 950 யூரோவளவில் இருந்தது. அதை எடுக்க அப்போது வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் பிரான்ஸில் இருந்தாக வேண்டியிருந்தது. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பிரான்ஸுக்காகச் சண்டை போட்ட செனகல் கிழவர்கள் அந்தக் காசுக்காக பாரிஸ் புறநகர் விடுதிகளில் ஒற்றை அறையில் கிடந்தார்கள். மனைவி மக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் செனகலில். ஊருக்குப் போய் நின்றால் காசு நிற்கும். 2023இல்தான் இவர்களுக்கு மட்டும் விதியைத் தளர்த்தினார்கள். ஏப்ரல் 28ஆம் திகதி ஒன்பது பேர் ஊர் திரும்பினார்கள். இளையவருக்கே 85 வயது.

இதைப் பற்றிப் பேசியபோது ஆசிரியர் அறையில் ஒரு நண்பர் கேட்டார்: "காலனிக்காரனுக்குத் துவக்குத் தூக்கினவங்களுக்காக நாம ஏன் கவலைப்படணும் சேர்? அல்ஜீரியாவில முஸ்லிம்களையே சுட்டவங்க அதுல இருக்காங்கதானே?" கேள்வி நியாயம். இருந்தவர்கள்தான். ஆனால் பென்ஷன் நல்ல மனிதருக்குக் கொடுக்கும் பரிசு அல்ல. வேலை வாங்கியவன் செலுத்த வேண்டிய கடன். குற்றம் செய்தவனை நீதிமன்றத்தில் நிறுத்தலாம், நிறுத்த வேண்டும். அதற்காக மொத்தப் படையின் கூலியைப் பிறந்த நாட்டைப் பார்த்து வெட்ட முடியாது. நம் நாட்டில் 2018இல் கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் அங்கவீனமுற்ற முன்னாள் இராணுவத்தினர் சத்தியாக்கிரகம் இருந்தபோதும் எனக்கு இதே எண்ணம்தான். 12 வருட சேவை முடியுமுன் காயப்பட்டதால் பென்ஷன் இல்லை என்பதுதான் அவர்களுடைய குறை. அந்த யுத்தத்தைப் பற்றி நம் சமூகத்துக்குப் பல கருத்துகள் இருக்கலாம். 12 வருடம் முடியும்வரை காத்திருந்து கண்ணிவெடியில் காலை வைக்க முடியுமா என்ற கேள்விக்கு அந்தக் கருத்துகள் தேவையில்லை.

திகதியை வைத்துப் பிரிப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. பிரித்தானியாவில் கூர்க்காக்களுக்கு 1997 ஜூலை 1 ஒரு கோடு. அதற்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்குச் சம பென்ஷன் இல்லை. 2021 ஓகஸ்டில் பிரதமர் இல்லத்துக்கு எதிரில் 13 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். நமக்கு அந்தக் கோடு 2020 ஜனவரி 1. 2016இல் தொடங்கிய அரச சம்பள அதிகரிப்பு கட்டம் கட்டமாக 2020இல்தான் முழுமையானது. அதற்குள் ரிட்டையரானவர்கள் அதே தரம், அதே சேவைக் காலம் இருந்தும் குறைந்த சம்பளத்துக்குரிய பென்ஷனோடு நின்றார்கள். நம் பாடசாலைகளில் முப்பது முப்பத்தைந்து வருடம் படிப்பித்தவர்கள் அதில் எத்தனை பேர்! 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதைத் திருத்த முடிவாகி, 2025, 2026, 2027 ஜூலை மாதங்களில் மூன்று கட்டமாக என்றார்கள். கட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு டியோப் ஞாபகம் வருகிறது. எழுபது வயதுக்காரரிடம் 2027 வரை பொறுங்கள் என்பது சின்ன விஷயமல்ல.

ஆகவே 2020க்கு முன் ரிட்டையரான மூத்த ஆசிரியர்களுக்கும் ஏனைய அரச ஊழியர்களுக்கும், அவர்களுடைய பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வாப்பாவின், உம்மாவின் பென்ஷன் எந்தக் கட்டத்தில் வருகிறது, வந்த தொகை சரியா என்று பிரதேச செயலக ஓய்வூதியப் பிரிவில் கேளுங்கள். வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள், எழுத்தில் கொடுத்து, கிடைத்ததற்கு முத்திரை வாங்கி, பிரதியை வீட்டில் வையுங்கள். ஆளுக்கொரு கடிதமாக இல்லாமல் பத்துப் பேர் சேர்ந்து ஒரே கடிதம் கொடுத்தால் இன்னும் நல்லது. கடிதம் எழுத உதவி தேவைப்பட்டால் இஷாவுக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். நியமனக் கடிதத்தையும் கடைசிச் சம்பளப் பற்றுச்சீட்டையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.