கதவைத் தட்டும் ஆய்வு

ஜொகூர் மாநிலச் சிகாமட் மாவட்டத்தின் ஐந்து முக்கிம்களில் (துணை மாவட்டங்களில்) சுமார் 40,000 பேரின் உடல்நலத்தை, மோனாஷ் பல்கலைக்கழகத்தின் மலேசியக் கிளை நடத்தும் 'சீக்கோ' சமூக ஆய்வகம் பத்தாண்டுக்கும் மேலாகக் கவனித்து வருகிறது. கிளினிக்குக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால், வராதவர்களின் நோய் எந்தக் கணக்கிலும் சேராது. அதனால்தான் ஆய்வாளர்கள் வீடு வீடாகச் செல்கிறார்கள்.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது; அவர்களுள் இந்தியர்களில் 31.4. நோயுள்ள மலேசியர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது இருப்பதே அப்போது தெரிந்திருக்கவில்லை! இனிப்பான தே தாரிக் தேநீரை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது.

ஆய்வு முடிவுகள் ஆங்கில இதழ்களோடு நின்றால் போதாது. தமிழிலும் குடும்பங்களைச் சேர வேண்டும். கோயில் நிர்வாகங்கள் திருவிழாப் பந்தலில் இரத்தப் பரிசோதனைக்கும் ஒரு மேசை போடட்டும். ஆய்வாளர் வந்தால் கதவைத் திறங்கள்.