கிடுகுக்காக ஒரு வார்த்தை

நிலாவெளிக் கடற்கரை ஹோட்டல்களில் வெள்ளைக்காரர் கிடுகுக் கொட்டிலுக்குக் கீழே இருந்து இளநீர் குடிக்கிறார்கள். பக்கத்தில் சாம்பல்தீவில், என் வீட்டுத் தகரத்துக்குக் கீழே மத்தியானத்தில் கோழிகூட நிற்காது. கொட்டிலில் கிடக்கிறாள் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதென்றுதான் நானும் தகரம் போட்டேன்.

நான் ஆங்கிலம் படிப்பித்தவள். இங்கிலாந்துக் கிராமமொன்றின் வைக்கோல் வேய்ந்த வீட்டுப் படத்தைக் காட்டினால் பிள்ளைகள் "என்ன வடிவு!" என்பார்கள். தங்கள் வீடு என்ன கூரை என்று கேட்டால் தலையைக் குனிவார்கள்.

அம்மா கிடுகு பின்னித்தான் என்னைப் படிக்க வைத்தா. தென்னோலையை மட்டையின் நடுவால் பிளந்து, களப்பில் சில நாள் ஊறவிட்டு, ஒன்றுவிட்டு ஒன்று மடித்துப் பின்ன வேண்டும். ஊறாத ஓலை வெடித்துப்போகும். மாரிக்கு முன், ஆவணி புரட்டாசியில், அயலட்டை எல்லாம் கூடி வேயும். தாழ்வாரத்தில் தொடங்கி முகட்டுக்கு ஏற வேண்டும். மேல்வரி கீழ்வரியின்மேல் படிய வேண்டும். சரிவு குறைந்தால் மழை வழியாமல் ஊறும், ஓலை உக்கும். தாழ்வாரம் நன்றாக இறங்கி மண்சுவரை நனையாமல் காக்கும். ஆனால் நெட்டையான மாப்பிள்ளை குனிந்துதான் உள்ளே வர வேண்டும்!

இங்கிலாந்தின் டெவன் பகுதியிலும் இதே கணக்குத்தான். மண்ணையும் வைக்கோலையும் குழைத்துச் சுவர், செங்குத்தான கூரை. அங்கே பழைய கூரையை முழுக்கப் பிரிக்காமல் அதன்மேலேயே புதிதாக வேய்வதுண்டு. அதனால் 500 வருடத்துக்கு முந்திய அடுப்புப் புகை படிந்து கறுத்த வைக்கோல் சில வீடுகளில் இன்னும் அடியில் கிடக்கிறது. எங்கள் குசினிக் கூரை மற்றக் கூரைகளைவிட நாள் தாங்கியதும் புகையால்தான், பூச்சி அண்டாது.

அங்கே பாதுகாக்கப்பட்ட வீடென்றால் வைக்கோலை நீக்கி ஓடு போடவும் உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். இங்கே கூரையைப் பார்த்துத்தான் ஆளை மதிப்பது. குடிசன மதிப்பீட்டுப் படிவத்தில் கிடுகு, பனையோலை, வைக்கோல் எல்லாம் சேர்த்து ஒரே கட்டம்.

எல்லாரும் கொட்டிலுக்குத் திரும்புங்கள் என்று சொல்ல வரவில்லை. ஒன்றிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டும், பாம்பு வரும், ஒரு தீக்குச்சி போதும் என்பதை 1990 போரில் கண்ணால் கண்டவள் நான். 2004 சுனாமிக் கடலுக்கு மண்சுவர் எம்மாத்திரம்? கல்வீடு வேண்டும்தான்.

ஆனால் அந்தக் கல்வீட்டுக்கு வரைபடம் கீறுகிறவர்கள் தாழ்வாரத்தை ஏன் ஒரு முழத்தில் வெட்டுகிறார்கள்? விறாந்தையை ஏன் விழுங்குகிறார்கள்? வெயில் நேரே சுவரில் அடிக்கிறது, பிறகு மின்விசிறிக்குக் காசு. கல்வீடு கிடைத்தவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: பின்பக்கத்து விறகடுப்புக் குசினியையாவது கிடுகால் வேயுங்கள். ஓலையை ஆடியிலேயே ஊறப்போட்டு விடுங்கள். பின்னத் தெரியாதவர்கள் என்னிடம் வரலாம், விரல் இன்னும் மடங்குகிறது.