ரோஸ் கலர் ஜபலா

தமிழ்நாட்டில் நாற்பதைத் தாண்டிய ஆண்கள் பலருடைய வீட்டில் ஒரு படம் ஒளிந்திருக்கிறது. பட்டுப்பாவாடை, நெற்றிச்சுட்டி, கழுத்து கொள்ளாத நகை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, பூ வைத்துத் தைத்த சடை. சடையும் படத்தில் விழவேண்டும் என்று ஸ்டூடியோக்காரர் முதுகுப்பக்கம் ஒரு கண்ணாடியை நிறுத்தியிருப்பார். படத்தில் இருப்பது ஆண் குழந்தை. குலதெய்வத்துக்கு முதல் மொட்டை போடுவதற்கு முன், வளர்ந்த முடியைப் பின்னி, அக்காள் பாவாடையையோ அத்தை மகள் பாவாடையையோ கட்டிவிட்டு எடுத்தது. அந்தப் பாவாடை அரக்குச் சிவப்பா, ரோஸ் கலரா என்று அன்றைக்கு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்று பார்க்கிறார்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையை ஒட்டியிருக்கும் பென்னலூரில், ஆண் குழந்தைக்கு ரோஸ் கலர் ஜபலா மாட்டித் தெருவுக்குத் தூக்கி வந்தால், “பாப்பா பேர் என்னம்மா?” என்று பேச்சு ஆரம்பிக்கும். பையன் என்று சொன்னதும், “அட, பையனா? எதுக்குப் பொம்பளப் புள்ள சட்டையப் போட்டு வெச்சிருக்கீங்க?” என்று முடியும். இப்படிக் கேட்பவர்கள் பாட்டிகள் அல்ல. பாட்டிகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கேட்பவர்கள் முப்பதைத் தொடாதவர்கள். ஒரே தலைமுறைக்குள் இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது?

வந்த வழி தெரிந்ததுதான். அமெரிக்க அதிபராக இருந்த பிராங்கிளின் ரூஸ்வெல்ட், இரண்டரை வயதில், 1884இல் எடுத்த படத்தில் வெள்ளைப் பாவாடையும் தோள்வரை முடியுமாக உட்கார்ந்திருக்கிறார். அன்று அங்கே சின்னக் குழந்தைகள் எல்லோருக்கும் வெள்ளைக் கவுன்தான். கொதிக்கும் நீரில் போட்டு வெளுக்க அதுதான் தோது. நிறம் பிரிக்கத் தொடங்கியபோது பிரித்த விதம் இன்னும் வேடிக்கை. 1918இல் அமெரிக்கக் குழந்தை ஆடை வணிக இதழ் ஒன்று, ரோஸ் உறுதியான நிறம், ஆகவே ஆணுக்கு; நீலம் மென்மையான நிறம், ஆகவே பெண்ணுக்கு என்று எழுதியது. 1927இல் பெல்ஜியத்து இளவரசி ஆஸ்த்ரிதுக்குப் பேறுகாலம் நெருங்கியபோது, ஆண் வாரிசு பிறக்கும் என்ற நம்பிக்கையில் தொட்டிலை ரோஸ் நிறத்தில் அலங்கரித்து வைத்திருந்தார்கள். பிறந்தது பெண். அந்தச் சாக்கில் டைம் இதழ் அமெரிக்காவின் பெரிய கடைகளிடம் எந்த நிறம் யாருக்கு என்று விசாரித்தது. ஆளுக்கொரு பதில் வந்தது. பாஸ்டன், சிகாகோ நகரங்களின் புகழ்பெற்ற கடைகள் ஆணுக்கு ரோஸ் என்றன.

இந்த வரலாற்றைத் தோண்டி எடுத்தவர் அமெரிக்க ஆய்வாளர் ஜோ பவோலெட்டி. அவருடைய புத்தகம் 2012இல் வெளிவந்தது. இன்றைய பிரிவினை கெட்டிப்பட்டது 1980களில்தான் என்கிறார் அவர். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் வசதி வந்தது. தெரிந்ததும் நிறம் பார்த்து வாங்கினார்கள். அக்காள் போட்டது தம்பிக்கு ஆகாமல் போனது. கடைக்காரருக்கு ஒரே வீட்டில் இரண்டு முறை வியாபாரம். சம்பிரதாயம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதன் வயது, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து மூத்த தொழிலாளி ஒருவரின் வயதுகூட இல்லை.

நம் ஊரில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. கருவின் பாலினத்தைச் சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். துபாயில் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து, பிறக்கப்போவது என்ன என்று விழா வைத்து அறிவித்த சென்னை யூடியூபர் ஒருவருக்கு 2024 மே மாதம் மக்கள் நல்வாழ்வுத் துறை நோட்டீஸ் அனுப்பியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். போதாததற்கு, பிறக்கும் முன்பே புதுத்துணி வாங்கி வைப்பது ஆகாது என்ற வழக்கமும் இருக்கிறது. அதனால் நம் குழந்தைகள் முதலில் உடுத்துவது நைந்து மெத்தென்றான தாத்தா வேட்டியும் அம்மாவின் பழைய நூல்சேலையும்தான். படுப்பதும் சேலைத் தூளியில். அரைஞாண் கயிறும் கறுப்பு வளையலும் இரு பாலுக்கும் ஒன்றே. 2015இல் அரசு மருத்துவமனைகளில் கொடுக்கத் தொடங்கிய 16 பொருள்கள் கொண்ட குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகமும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று பிரிந்து வரவில்லை.

ஆகவே நிறம் ஸ்கேன் வழியாக வரவில்லை. திருப்பூர் வழியாக வந்தது. அங்கே பின்னலாடை ஆர்டர் வெளிநாட்டிலிருந்து வரும்போதே பையன் உடுப்பு, பெண் உடுப்பு என்று பிரிந்து, நிறத்துக்கு எண் போட்டு வருகிறது. கப்பல் ஏறியது போக மிஞ்சியதும் கழித்ததும் காதர்பேட்டைக்குப் போகிறது. அங்கிருந்து மூட்டை மூட்டையாக ஊர் ஊருக்கு. நெடுஞ்சாலையோரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கடைகளில் வாங்குகிற நம் ஆட்கள், சட்டையோடு அமெரிக்கக் கடைக்காரரின் கணக்கையும் சேர்த்து வாங்கி வருகிறார்கள்.

பிள்ளைகளை எந்த வயதில் ஆண், பெண் என்று பிரிப்பது என்பதில் நம் இலக்கியம் தெளிவாக இருந்தது. பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம். காப்பு தொடங்கி அம்புலி வரை முதல் ஏழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆண்பால், பெண்பால் என்று பிரிவது கடைசி மூன்றில்தான்; அவனுக்குச் சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும், அவளுக்கு அம்மானையும் நீராடலும் ஊசலும். அதாவது ஏறத்தாழ ஒன்றரை வயது வரை பிள்ளை பிள்ளைதான். பெரியாழ்வார் கண்ணனுக்குக் காது குத்தினார், குளிப்பாட்டினார், தலை வாரக் காக்கையைக் கூப்பிட்டார், செண்பகமும் மல்லிகையும் பாதிரியும் இருவாட்சியும் சூட்ட ஒரு பதிகமே பாடினார். பென்னலூருக்குப் பக்கத்தில், இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் பெரியாழ்வாரின் அந்தப் பிரபந்தம் இன்றும் ஓதப்படுகிறது. அதைக் கேட்டுக் கைகூப்புகிறவர்களில் எவரும், ஆண் பிள்ளைக்கு எதற்குப் பூ என்று கேட்டதில்லை.

இதை வைத்துப் பழைய காலத்துக்குப் பல்லாண்டு பாடிவிடவும் கூடாது. மகனுக்குப் பாவாடை கட்டியதற்கு ஆசை ஒரு காரணம் என்றால், கண்ணேறு இன்னொரு காரணம். முன்பிறந்தவை தவறிய வீட்டில், அடுத்ததற்குக் குப்பன் என்றும் பிச்சை என்றும் பெயர் வைத்ததும் மூக்குக் குத்தியதும் எதற்கு? மதிப்பில்லாத பண்டம் என்று எமனை ஏமாற்றத்தான். பெண் உடுப்பும் அதே கணக்கில் சேர்ந்தது. வட இந்தியாவில் கண்படாமல் இருக்க மகன்களுக்குப் பெண் உடை உடுத்தியதை வில்லியம் குரூக் தம் நாட்டார் வழக்கு நூலின் 1896ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே எழுதியிருக்கிறார். அயர்லாந்தின் மேற்குக் கரையில் பையன்களைத் தேவதைகள் தூக்கிப்போகாதிருக்கப் பாவாடை கட்டினார்கள். எங்கும் ஒரே நினைப்பு: பெண் என்றால் பொறாமைப்பட யாருமில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க, 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்க வேண்டி வந்த மாநிலம் இது. 2011 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகளே இங்கு இருந்தனர். அன்று அந்தப் பாவாடை மகனைக் காத்தது பெண்ணின் மலிவை முன்னிறுத்தி. இன்று அதே மலிவுதான் ரோஸ் கலரைப் பையனிடமிருந்து பிடுங்குகிறது. பெண் குழந்தைக்கு நீலச் சட்டை போட்டால் “சிங்கக்குட்டி” என்கிறார்களே, அதில் தெரிந்துவிடவில்லையா?

அரசும் தன் பங்குக்குச் சாயம் பூசியிருக்கிறது. பெண்கள் கட்டணமில்லாமல் போகும் சென்னைப் பேருந்துகளின் முன்பக்கமும் பின்பக்கமும் 2022 ஆகஸ்டில் ரோஸ் ஆயின. 2025 மகளிர் நாளில் பிங்க் ஆட்டோ வந்தது. நல்ல திட்டங்கள். தூரத்திலேயே அடையாளம் தெரியவேண்டும் என்ற நியாயமும் புரிகிறது. ஆனால் பள்ளிக்குப் போகும் பையன் கண்ணில் அந்த நிறத்துக்கு ஒரே அர்த்தம்தான் பதியும். நடிகர் ராமராஜனின் கண்ணைப் பறிக்கும் வண்ணச் சட்டைகளைக் கொண்டாடிய கிராமத்து ஆண்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை; அவர்களைக் கேலி செய்தது நகரம்தான்.

பென்னலூரைச் சுற்றியுள்ள இந்தத் தொழிற்சாலைப் பாதையில் ரோஸ் கலர் பற்றிய கூச்சம் பொருந்தாமல் நிற்கிறது. சுங்குவார்சத்திரத்தில் கைப்பேசிகளைப் பொருத்தி உருவாக்கும் ஃபாக்ஸ்கானில் பெரும்பாலோர் பெண்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். ஊரில் எத்தனையோ வீடுகளில் உலை கொதிப்பது இந்தப் பெண்களின் ஷிப்டுச் சம்பளத்தில். அவர்களுடைய நிறம் என்று நாம் ஒதுக்கியதைத் தொட்டால் ஆண் குழந்தைக்கு இழுக்கு என்பதை அவர்களிடமே எப்படிச் சொல்வது?

ஃபாக்ஸ்கானின் தாய்நாடான தைவானில் 2020 ஏப்ரலில் நடந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. கொரோனா காலம்; ரோஸ் கலர் முகக்கவசம்தான் கிடைத்தது. பள்ளியில் கேலி செய்வார்கள் என்று ஒரு பையன் போகத் தயங்குவதாகச் செய்தி வந்தது. மறுபேச்சில்லாமல் சுகாதார அமைச்சர் சென் ஷிஹ்-சுங்கும் அதிகாரிகளும் ரோஸ் முகக்கவசம் அணிந்து பத்திரிகையாளர் முன் உட்கார்ந்தார்கள். சின்ன வயதில் தனக்குப் பிங்க் பேந்தர் பிடிக்கும் என்றார் அமைச்சர். நம் அமைச்சர்கள் கரைவேட்டியின் நிறத்தைத் தவிர வேறு நிறத்துக்காக இவ்வளவு மெனக்கெடுவார்களா, தெரியவில்லை.

ஒப்பந்தச் சம்பளத்தில் காலம் தள்ளும் குடும்பத்துக்கு இது பணக் கணக்கும்கூட. மூன்று மாதத்தில் சிறுத்துப்போகும் ஜபலாவை, அக்காள் போட்டது என்பதற்காகத் தம்பிக்கு மறுத்துவிட்டுப் புதிதாக வாங்குவது வீண் செலவு. பென்னலூர், ஒரகடம் பக்கத்து ஜவுளிக் கடைக்காரர்களை இவ்விதழ் கேட்டுக்கொள்வது இதுதான்: கைக்குழந்தைத் துணிகளை மாதக் கணக்கில் அடுக்கி வையுங்கள். பேர் வைக்கும் விழாவுக்குத் துணி எடுக்கப் போகும் வாசகர்களும், “பையனா, பொண்ணா?” என்று கடையில் கேட்டால், எத்தனை மாதம் என்பதை மட்டும் சொல்லிப் பாருங்கள்.