"வோட்டர்புரூப்" என்று எழுதியிருந்தால் மழை வாசித்துவிட்டுத் திரும்பிப் போகுமா?



டிசம்பர் விடுமுறை வருகிறது. நம்ம தம்பிமார் அம்பாறை, மஹியங்கனை, பதினெட்டு வளைவு ஏறி கண்டி, நுவரெலியா என்று மோட்டார் சைக்கிளில் புறப்படும் காலம். நமது கரையில் மாரி கொட்டும் காலமும் அதுதான். கூடவே பேஸ்புக்கில் இன்னொன்றும் கொட்டத் தொடங்கிவிட்டது: "100% வோட்டர்புரூப் பேக், இன்றே ஓர்டர் செய்யுங்கள்!"

அந்த ஒரு சொல்லை நம்பிக் காசு கொடுக்காதீர்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. விற்கிறவர்களில் பலர் நம்ம ஊர்க்காரர்கள், சிலர் என்னிடமே படித்தவர்கள். கோபித்தாலும் பரவாயில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"உடுப்பு நனைந்தால் காயப்போடலாம் சேர், இதுக்கு ஒரு பதிவா?" என்று கேட்பீர்கள். பேக்குக்குள் உடுப்பு மட்டுமா போகிறது? தூரப் பாடசாலைகளுக்குப் போகும் ஆசிரியர்கள் விடைத்தாள் கட்டைச் சுமந்து போகிறார்கள். நேர்முகப் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மூலச் சான்றிதழ்களோடு போகிறது. வாப்பாவைப் பார்க்கக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் கிளினிக் கொப்பியும் மருந்தும் கொண்டு போகிறார். போன மாரியில் எங்களோடு படிப்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவரின் "வோட்டர்புரூப்" பேக்குக்குள் ஒரு வகுப்பின் கணித விடைத்தாள்கள் கூழாகிப் போயின. பிள்ளைகள் திரும்பவும் சோதனை எழுதினார்கள். விற்றவர் சொன்ன பதில்: "அது லேசான மழைக்குத்தான் சேர்." லேசான மழைக்கு என்றால் அதை லேபலில் ஏன் எழுதவில்லை?

விளங்கிக்கொள்ளுங்கள். துணி தண்ணீர் விடாதது என்பது வேறு, பேக் தண்ணீர் விடாதது என்பது வேறு. கடைக்காரர் துணியின் மேல் ஒரு கோப்பை தண்ணீரை ஊற்றிக் காட்டுவார். முத்து முத்தாக உருண்டு ஓடும். நாமும் மயங்கிவிடுகிறோம். ஆனால் பேக் ஒழுகுவது துணியில் அல்ல, தையலிலும் வாயிலும்தான். ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் ஒரு வாசல். உட்பக்கம் பட்டி ஒட்டி அந்தத் துளைகளை மூடாவிட்டால் ஒரு மணித்தியால மழையில் பேக்கின் அடியில் குளம். சிப் அதைவிட மோசம். றப்பர் பூசினது போல் மினுங்கும் சிப்பும் தெறிக்கிற தண்ணிக்குத்தான். உண்மையாகவே நீர் புகாத சிப் சுழியோடிகளின் உடுப்பில் இருப்பது. அதன் விலைக்கு இந்த பேக் நாலு வாங்கலாம்.

"ரெயின் கவர் இலவசம்" என்பது அடுத்த ஏமாற்று. உண்மையிலேயே நீர் புகாத பேக்குக்கு ரெயின் கவர் எதற்கு? விற்கிறவர் தன் வாயாலேயே ஒத்துக்கொள்கிறார்! மோட்டார் சைக்கிளில் மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை. பின்சில்லு கீழிருந்து சேற்றுத் தண்ணியை வாரி அடிக்கிறது, காற்று கவரின் ஓரத்தைத் தூக்குகிறது. உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கவரின் அடியில் தேங்கும். பேக் அந்தத் தண்ணியில் ஊறிக்கொண்டே வரும்.

அப்போ எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் வாய். சிப் இல்லாமல், வாயை மடித்துச் சுருட்டி இரண்டு பக்கமும் கிளிப் போடும் பேக்கைத் தேடுங்கள். குறைந்தது மூன்று சுருட்டு சுருட்ட இடமிருக்க வேண்டும். கழுத்து வரை சாமான் அடைத்துவிட்டு ஒரு சுருட்டோடு பூட்டினால் எந்த பேக்கும் ஒழுகும். அது பேக்கின் குற்றமில்லை.

இரண்டாவது பொருத்து. தைத்ததா, வெப்பத்தால் உருக்கி ஒட்டியதா என்று உள்ளே கையை விட்டுப் பாருங்கள். லொறித் தறப்பாள் போன்ற தடித்த பீவீசீ துணியை உருக்கி ஒட்டினால் ஊசித் துளையே இல்லை. மெல்லிய துணியின் உட்புறம் பூசும் பூச்சு நமது வெக்கையிலும் ஈரத்திலும் சில வருடங்களில் பிசுபிசுத்து உரியத் தொடங்கும்.

மூன்றாவது எண். ஐபீஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். 6 என்றால் பலமாகப் பீச்சியடிக்கும் நீர். 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம். 7 எடுத்தது 6இலும் தானாகச் சித்தி என்று நினைக்காதீர்கள், இரண்டும் வேறு வேறு சோதனை. எண் இல்லாத நல்ல பேக்கும் உண்டு. அதற்குப் பஞ்சர் கடைச் சோதனை போதும். பேக்கில் காற்றைப் பிடித்து வாயைச் சுருட்டிப் பூட்டி, ரியூப்பை அமுக்குவதுபோல் தண்ணியில் அமுக்குங்கள். குமிழி வந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

"நல்லது வேணுமெண்டா வெளிநாட்டு பிராண்ட்தான்" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு செய்தி. ஜேர்மனியின் ஓர்ட்லீப் கம்பனி 1982இல் தொடங்கியது. அதன் உரிமையாளர் மழையில் சைக்கிளில் சுற்றியபோது லொறிகளை மூடியிருந்த தறப்பாளைக் கண்டுதான் அதே துணியில் தன் முதல் பேக்கைத் தைத்தார். அந்தத் தறப்பாள் நம்ம ஊரில் இல்லையா? திரீவீல் ஹூட் தைக்கிறவர்கள் இல்லையா? அளவு கொடுத்துத் தைப்பியுங்கள். தையலின் உட்புறம் அதே துணியில் பட்டி வைத்துப் பசை போட்டு ஒட்டச் சொல்லுங்கள். காசும் ஊருக்குள் நிற்கும், ஒழுகினால் யாரிடம் போவது என்றும் தெரியும்.

"பொலித்தீன் உறை போட்டா சரிதானே சேர்?" சரிதான். சாதாரண பேக்கும் தடித்த பொலித்தீன் உறையும் பல "வோட்டர்புரூப்" பேக்குகளைவிட நல்லது. உறை பேக்குக்கு உள்ளே இருக்க வேண்டும், வெளியே அல்ல. வாயை முறுக்கி மடித்துக் கட்ட வேண்டும்.

நனைவதைவிடப் பெரிய விசயம் ஒன்று இருக்கிறது. விளம்பரப் படத்தில் இருப்பது பெரிய வெளிநாட்டு மோட்டார் சைக்கிள். நம்மிடம் இருப்பது 100, 125 சீசீ. இவற்றில் பெரும்பாலும் வலப்பக்கம் சைலன்சர், இடப்பக்கம் செயின். இரண்டு பக்கமும் தொங்கும் பேக்கைப் போட்டால் வலப்பக்கம் உருகும். இடப்பக்கம் சாரி கார்ட் இல்லாவிட்டால் சில்லுக்குள் போகும். தனியாகப் போகிறவர்களுக்கு 30, 40 லீற்றர் உருளை பேக் ஒன்றைப் பின்சீற்றில் குறுக்காகக் கட்டுவதே போதும். பாரமான சாமான் உங்கள் முதுகுக்குக் கிட்ட இருக்கட்டும். சில்லுக்குப் பின்னால் பாரத்தைத் தூக்கி வைத்தால் மலை ஏற்றத்தில் முன்சில்லு லேசாகும். கொக்கி வைத்த றப்பர் பட்டி வேண்டாம், கை நழுவினால் கண்ணுக்குத்தான் வரும். பக்கிள் வைத்த நாடாவால் கட்டுங்கள். மிஞ்சிய நுனியைச் சுருட்டிச் செருகுங்கள். தொங்குகிற ஒரு முழ நாடா பின்சில்லில் சுற்றினால் சில்லு இறுகிவிடும். பதினெட்டு வளைவில் அது நடந்தால் என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பின் லைட்டையும் சிக்னலையும் பேக் மறைக்கவும் கூடாது.

கடைசியாகக் கடைக்காரச் சகோதரர்களுக்கு. மழையில் நனைந்த தானியத்தை அடியில் மறைத்து, காய்ந்ததை மேலே வைத்து விற்றவருடைய சம்பவத்தை நாமெல்லாம் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். லேபலின் பின்னால் ஒழுகும் தையலை மறைப்பதும் அதுதான். லேசான மழைக்கு என்றால் "லேசான மழைக்கு" என்றே எழுதி விற்றுவிடுங்கள். அதிலும் பரக்கத் உண்டு.

வாங்குகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த முறை கடையில் யாராவது "வோட்டர்புரூப்" என்றால் சண்டை பிடிக்க வேண்டாம். "ஒரு வாளி தண்ணி எடுங்க நானா, அமுக்கிப் பார்ப்பம்" என்று மட்டும் சொல்லுங்கள். வாளியை எடுக்கிற கடையில் வாங்குங்கள்.

பிரயாணம் போகிற தம்பிமாருக்கு இதைப் பகிருங்கள்.