கடற்கரைக்குக் கிளம்பும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

பள்ளிகளுக்கு லீவு விட்டாயிற்று. ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் வந்து இறங்கியாயிற்று. 'இந்தச் சனிக்கிழமை எங்கேயாவது போகலாமே' என்று யாராவது ஆரம்பித்தால், சிறுசேரி, நாவலூர், கேளம்பாக்கம் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: மகாபலிபுரம். 30 கிலோமீட்டருக்குள் பல்லவர் சிற்பம், கடல், முதலைப் பண்ணை, படகுச் சவாரி எல்லாம் இருக்கும்போது ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஏன் அலைய வேண்டும்?

நியாயமான கேள்விதான். ஆனால், நாம் கிளம்பும் நேரம்தான் கோளாறு செய்கிறது. எல்லோரும் குளித்து, புளியோதரை கட்டி, கார் நகரும்போது மணி 10. ஐந்து ரதத்தின் வாசலில் நிற்கும்போது 11.30. மணலும் கல்லும் அடுப்பு மாதிரி கொதிக்கும். சின்னது அழும். பெரியது போன் கேட்கும். கொஞ்ச நேரத்தில் பாட்டி சொல்வார்: "நான் கார்லயே இருக்கேன், நீங்க பாத்துட்டு வாங்க."

நாம் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்கிறோம். பல நேரங்களில் அது உடம்பு தரும் எச்சரிக்கை. நிறுத்தி வைத்த கார் அதற்குச் சரியான இடமும் அல்ல. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் சூடு சுமார் 10 டிகிரி ஏறிவிடும். 'கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கித்தானே வெச்சிருக்கோம்' என்பதால் பெரிய மாற்றம் வராது. குழந்தையையோ முதியவரையோ நிறுத்திய காரில் ஐந்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கடலோரம் என்றால் குளுமையா?

'கடல் பக்கம்தானே, காத்து வரும்' என்பது நம் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. அதில் பாதிதான் உண்மை.

நம் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வையால். வியர்வை வழிந்தால் மட்டும் போதாது, அது காய வேண்டும். காயும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை சீக்கிரம் காயாது. அதனால்தான் 36 டிகிரி என்று போன் காட்டினாலும், உள்நாட்டு ஊர்களின் 36-ஐவிட மாமல்லபுரத்தின் 36 நம்மை அதிகமாகக் களைக்கச் செய்கிறது.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கும் இதற்குப் பொருந்திவருகிறது. வழக்கமான அளவைவிட 4.5 டிகிரி கூடி, சமவெளியில் வெப்பநிலை 40-ஐத் தொட்டால் அதை வெப்ப அலை என்கிறார்கள். கடலோரத்தில் அந்த வரம்பு 37 டிகிரிதான். '40-ஐத் தாண்டலையே, பரவாயில்லை' என்ற கணக்கு நம் கரைக்குப் பொருந்தாது.

காற்று வரும் நேரம்

அந்த நம்பிக்கையின் உண்மையான பாதி, கடல் காற்று. காலையில் வெயில் ஏற ஏற, கடலைவிடத் தரை வேகமாகச் சூடாகிறது. தரைமேல் உள்ள காற்று லேசாகி மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. நம் கரையில் இது பெரும்பாலும் நண்பகலை ஒட்டியோ அதற்குப் பிறகோ நடக்கும்.

எல்லா நாளும் அது சொன்ன நேரத்துக்கு வராது. மேற்கிலிருந்து வீசும் சூடான காற்று பலமாக இருந்தால் கடல் காற்றை உள்ளே விடாமல் பிடித்து நிறுத்தும். நம் முன்னோர் திசைக்கொரு காற்றுக்குப் பெயர் வைத்தபோது கிழக்கிலிருந்து வருவதற்குக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதற்குக் கோடை என்றும் பெயரிட்டார்கள். நாம் பருவத்தின் பெயராக மட்டும் நினைக்கும் 'கோடை', ஒரு காற்றின் பெயரும்கூட. கோடை ஓங்கி, கொண்டல் வராமல் தாமதிக்கும் நாட்களில்தான் இந்தக் கரையில் வெப்பம் எகிறும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது நினைவிருக்கலாம்.

எனவே கிளம்பும் முன் போனில் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல், காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்றும் பாருங்கள். மதியம்வரை மேற்குக் காற்று என்று காட்டினால், அன்று வெளியே சுற்றுவதைக் காலை 9 மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கடிகாரம் பழக்கமானது. மீனவர்கள் இருட்டோடு கடலுக்குப் போகிறார்கள். நடுப்பகலில் வலை பின்னுகிறவர்கள் நிழல் தேடி உட்காருகிறார்கள். வெளியிலிருந்து வரும் நாம்தான் 11.30-க்கு மணலில் இறங்குகிறோம்.

ஒரே நாளில் எல்லாம் வேண்டாம்

சிறுசேரிக்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி, வீடு பக்கத்திலேயே இருப்பது. 'இவ்வளவு தூரம் வந்துட்டோம், எல்லாத்தையும் பாத்துடுவோம்' என்று அடித்துப்பிடித்து ஓட வேண்டியதில்லை. ஒரு முழு நாளை மூன்று அரை நாட்களாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் காலை, மாமல்லபுரம். மே மாதத்தில் இங்கே 5.45-க்கெல்லாம் சூரியன் எழுந்துவிடும். 5 மணிக்குக் கிளம்பி, ஓ.எம்.ஆரில் திருப்போரூர் தாண்டிப் பூஞ்சேரி வழியாகப் போனால் விடியும்போது அங்கே இருக்கலாம். நினைவுச் சின்னங்களைக் காலை 6 மணிக்கே திறக்கிறார்கள். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் இரண்டுக்கும் ஒரே டிக்கெட் போதும். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. நிழலே இல்லாத இந்த இரண்டையும் முதலில் முடித்துவிடுங்கள். ஐந்து ரதத்தில் உள்ள திரௌபதி ரதத்தைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். ஓலைக் குடிசையின் கூரையை அப்படியே கல்லில் இறக்கியிருப்பார்கள்.

பிறகு அர்ச்சுனன் தபசு. ஏறக்குறைய 30 மீட்டர் நீளப் பாறை முழுவதும் சிற்பம். இது கிழக்கு பார்த்தது. காலை வெயில் நேராக விழுவதால் ஒவ்வொரு உருவமும் தெளிவாகத் தெரியும். யானைக்குக் கீழே ஒற்றைக்காலில் தவம் செய்யும் பூனையையும் அதைக் கும்பிடும் எலிகளையும் யார் முதலில் கண்டுபிடிப்பது என்று போட்டி வையுங்கள். வெயில் ஏறினால் குன்றின் மேலுள்ள குடைவரை மண்டபங்களுக்குள் போய்விடலாம். பல்லவர் குடைந்த குகைக்குள் கல் சில்லென்று இருக்கும். 9 மணிக்கு டிபன், 10 மணிக்கு வீடு. சர்க்கரைக்கு மருந்து எடுத்துக்கொள்பவர்கள் மட்டும் டிபனுக்கு 9 மணிவரை காத்திருக்காமல், கையோடு இட்லி கொண்டுபோய் வழக்கமான நேரத்துக்குச் சாப்பிட்டுவிட வேண்டும்.

ஒரு மதியமும் மாலையும், முட்டுக்காடு. நடுப்பகலில்தான் போக முடியும் என்றால் தக்ஷிணசித்ராவைத் தேர்ந்தெடுங்கள். 1996-ல் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரத்துப் பழைய வீடுகளை அந்தந்த ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். ஏ.சி. இல்லாத காலத்தில் வெயிலை எப்படிச் சமாளித்தார்கள் என்பதை அங்கே உட்கார்ந்து அனுபவிக்கலாம். திண்ணை வெயிலை வாசலிலேயே தடுக்கும். முற்றம் சூடான காற்றை மேலே அனுப்பும். தடித்த சுவர் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். தாத்தாவும் பாட்டியும் தாங்கள் வளர்ந்த வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் நேரம் போவதே தெரியாது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. வெயில் தாழ்ந்த பிறகு, 4.30 மணிக்கு மேல், முட்டுக்காட்டில் படகு ஏறலாம். உயிர்காப்புச் சட்டை போடாமல் யாரும் ஏற வேண்டாம்.

இன்னொரு காலை, சாளுவன்குப்பமும் வடநெம்மேலியும். முதலில் புலிக்குகை. சவுக்குத் தோப்பின் நிழலும் கடல் சத்தமும் காலை 7 மணிக்கு மிக நன்றாக இருக்கும். பக்கத்திலேயே 2004 சுனாமிக்குப் பிறகு அகழாய்வில் வெளிவந்த பழைய முருகன் கோயிலின் செங்கல் அடித்தளம் இருக்கிறது. அங்கிருந்து திரும்பும் வழியில் முதலைப் பண்ணை. 1976-ல் ராமுலஸ் விட்டேகர் தொடங்கியது. முதலைகள் வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடப்பதைக் குழந்தைகள் கோபம் என்று நினைப்பார்கள். அது தலைச் சூட்டைத் தணித்துக்கொள்ளும் வழி. அதே வளாகத்தில், 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷமுறிவு மருந்துக்கான பாம்பு விஷத்தை எடுத்துத் தருகிறது. 2023-ல் பத்மஸ்ரீ பெற்ற வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் இந்தச் சமூகத்தவர்கள். திங்கட்கிழமைகளில் பண்ணை மூடியிருக்கும்.

கடலில் கால் வைக்கும் முன்

மே மாதத்தில் வெயிலுக்கு அடுத்தபடியாகப் பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. 'கடல் இழுக்குது' என்று மீனவர்கள் சொல்வது வெறும் பேச்சல்ல. கரைக்கு வந்த அலைநீர் ஒரு குறுகலான பாதை வழியாக வேகமாகக் கடலுக்குத் திரும்பும். அந்த இடத்தில் அலை உடையாது. அதனால் பார்ப்பதற்கு அதுதான் அமைதியான இடம் போலத் தோன்றும். பலரும் அங்கேயே இறங்கிவிடுகிறார்கள்.

நீச்சல் தெரியாதவர்களுக்கு முழங்கால் அளவுதான் எல்லை. இழுவையில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடிக் களைத்துவிடக் கூடாது. மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி விலகி, பிறகு கரை திரும்ப வேண்டும். ஒருவரைக் காப்பாற்ற, நீச்சல் தெரியாத இன்னொருவர் குதிப்பதால்தான் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று உயிர்கள் போகின்றன. கயிறு, பந்து, மூடிய காலி தண்ணீர் கேன் என மிதக்கும் எதையாவது தூக்கிப் போட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். குழந்தைகளோடு தண்ணீரில் இறங்கத்தான் வேண்டும் என்றால், 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்ற கோவளம் கடற்கரைக்குப் போய், உயிர்காப்பாளர் நிற்கும் பகுதியில் மட்டும் இறங்குங்கள்.

குடிக்கவும் சாப்பிடவும்

அரை நாளுக்கு ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும். வயதானவர்களுக்குத் தாகம் குறைவாகவே தெரியும். கேட்கட்டும் என்று காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருமுறை நீங்களே கொடுங்கள். உப்புப் போட்ட நீர்மோருக்கு இணை இல்லை. நுங்குக்கு இதுதான் பருவம். இளநீரும் நல்லதுதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதிலுள்ள பொட்டாசியம் காரணமாக மருத்துவரைக் கேட்டே குடிக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களும் வெயில் காலத்துக்கான அளவைப் பற்றி ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

மீன் சாப்பிடும் ஆசையோடு போகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் சிறு படகுகள் பிடித்து வருவதுதான் புது மீன். பெரிய வஞ்சிரத்தைக் காட்டி 'இன்னைக்கு வந்தது' என்றால் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறார்களா?

லண்டனிலும் டொரன்டோவிலும் வளரும் பேரப்பிள்ளைகள் ஜூன், ஜூலையில்தான் வருவார்கள். அப்போதும் இங்கே சூடு குறைந்திருக்காது. புது வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதனால் மாமல்லபுரத்தை முதல் வாரத்தில் வைக்காமல், கடைசி வாரத்துக்குத் தள்ளுங்கள்.

இந்த அறிகுறிகள் தெரிந்தால்

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு இருந்தால் உடனே நிழலுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, தண்ணீரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ கொடுங்கள். பேச்சு குழறினால், ஆளைத் தெரியாமல் விழித்தால், உடம்பு நெருப்பாய்ச் சுட்டால் அது வெப்பத் தாக்கு. 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஈரத்துணியால் உடம்பு முழுவதும் துடைத்து விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பட்டியலில் வேடந்தாங்கலும் திருக்கழுக்குன்றமும் இல்லையே என்று கேட்பீர்கள். வேடந்தாங்கலுக்கு நவம்பரிலிருந்து மார்ச்வரைதான் பறவைகள் கூட்டமாக வரும். மே மாதத்தில் போனால் குழந்தைகளுக்கு ஏமாற்றம்தான். திருக்கழுக்குன்றத்து மலைக்கோயிலுக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். இரண்டையும் டிசம்பர் லீவுக்கு எடுத்து வையுங்கள். அப்போது பாட்டியும் கூட வருவார்.