இலைக்குப் பெயர் கிடையாதா?

ஊட்டிக்குப் போனவர்கள் திரும்பும்போது முன்பெல்லாம் மூன்று சாமான் கட்டாயம் பையில் இருக்கும். வர்க்கி, டீத்தூள், தைல பாட்டில். இப்போது நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: இலை அச்சிட்ட துணி. சால்வை, துப்பட்டா, தலையணை உறை, சட்டம் போட்ட தாள் என்று பல ரூபத்தில் கிடைக்கிறது. வெறுமனே வாங்கிப் போக மனசில்லாதவர்களுக்கு அரை நாள் பட்டறையும் உண்டு. காசு கட்டினால் நீங்களே இலை பொறுக்கி, நீங்களே அச்செடுத்து, நீங்களே எடுத்துப் போகலாம். இதற்குப் பரிசோதனை அச்சுக்கலை, சூழலியல் அச்சு என்று பெரிய பெரிய பெயர்கள். விலைச்சீட்டில் மறக்காமல் 'நீலகிரியின் இயற்கை' என்று போட்டுவிடுவார்கள்.

அழகாக இருக்கிறதா? சந்தேகமே இல்லை, அழகாகத்தான் இருக்கிறது. சண்டை அழகோடு இல்லை. அந்த விலைச்சீட்டோடுதான்.

முதலில் செய்முறையைப் பார்ப்போம். துணியைப் படிகாரத் தண்ணீரிலோ, துருப்பிடித்த இரும்பு ஊறிய தண்ணீரிலோ நனைக்கிறார்கள். மேலே இலைகளைப் பரப்பி, ஒரு குச்சியில் இறுக்கிச் சுருட்டி, நூலால் கட்டி, இட்லி மாதிரி ஆவியில் வேக வைக்கிறார்கள். பிரித்தால் இலையின் உருவம் நரம்போடு துணியில் இறங்கியிருக்கும். இலையில் உள்ள துவர்ப்புச் சத்துதான் சாயமாக வேலை செய்கிறது. எல்லா இலையும் இப்படி அச்சு விடாது. கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய இலை ஒன்று உண்டு. கம்பளியிலும் பட்டிலும் படிகாரம்கூடக் கேட்காமல் ஆரஞ்சும் செம்பழுப்புமாக இறங்கும். அது யூகலிப்டஸ். மலைக்காரர்கள் பாஷையில் கற்பூர மரம்.

இது தற்செயல் இல்லை. இந்தச் செய்முறையை உலகம் முழுக்கப் பரப்பியவர்களில் முக்கியமானவர் இந்தியா ஃபிளிண்ட் என்கிற ஆஸ்திரேலியக் கலைஞர் (பெயர்தான் இந்தியா, ஊர் ஆஸ்திரேலியா). அவர் வீட்டைச் சுற்றி நிற்கிற மரம் யூகலிப்டஸ். அந்த மண்ணில் பிறந்த மரம். அவர் அதை அச்செடுத்து 'என் ஊரின் இயற்கை' என்று சொன்னால் அது நூற்றுக்கு நூறு உண்மை. அதே இலையை அதே முறையில் குன்னூரில் அச்செடுத்து 'நீலகிரியின் இயற்கை' என்று சீட்டு ஒட்டினால்? முறையும் இறக்குமதி, மரமும் இறக்குமதி. உள்ளூர்ச் சரக்கு அந்தச் சீட்டு மட்டும்தான்.

கற்பூர மரம் நீலகிரிக்கு வந்தது 1840களில். ஊட்டியில் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்குக் குளிர்காய விறகு போதவில்லை. சோலைக்காடுகளை வெட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். வேகமாக வளரும் மரம் வேண்டும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூரத்தையும் சீகையையும் கொண்டுவந்தார்கள். நட இடம்? சோலைகளுக்கு நடுவே பரந்து கிடந்த புல்வெளிகள். மரம் இல்லாத மேடு என்றால் வெள்ளைக்காரன் கணக்கில் அது வீண் நிலம். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும், ரேயான் நூலுக்கு மரக்கூழ் வேண்டும் என்று இன்னும் பல மேடுகள் மூடப்பட்டன. மேட்டுப்பாளையம் அருகே சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலைக்கு நீலகிரி மரங்கள் லாரி லாரியாக இறங்கின. ஆலை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. மரங்கள் மலையில் அப்படியே நிற்கின்றன.

புல்வெளி போனால் என்ன என்று கேட்கலாம். அந்தப் புல்லும் அதன் கீழே இருக்கிற சதுப்பும் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும். சமவெளிக்கு வருகிற பவானித் தண்ணீருக்கு அங்கேதான் ஊற்று. தோடர்களின் எருமைக்கு மேய்ச்சலும் அதுதான். தோடர்களின் பால் கோயிலுக்குக் கூரை வேய ஒரு குறிப்பிட்ட புல் வேண்டும். அது அந்தச் சதுப்பில்தான் முளைக்கும், வேறு புல்லை வைத்து ஒப்பேற்ற முடியாது. சதுப்பு வற்றினால் கூரைப் புல்லைத் தேடி எவ்வளவு தூரம் அலைய வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிப் பழைய வாழிடங்களை மீட்பதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022-ல் தனிக் கொள்கை வெளியிட வேண்டியிருந்தது. பிரச்சினை அவ்வளவு பெரிது.

இவ்வளவு நடந்த மலையில், இடத்தைப் பிடித்துக்கொண்டவனின் கைரேகையை எடுத்துச் சட்டம் போட்டு, 'இதுதான் வீட்டுக்காரர்' என்று விற்கிறார்கள். என்ன கொடுமை சார் இது!

இப்படி அறியாமையோடு அச்சடிக்கிற பழக்கம் இந்த மலைக்குப் பரம்பரையாக வந்ததும் இல்லை. நீலகிரிச் செடிகளுக்கும் அச்சுக்கும் உள்ள உறவு கிட்டத்தட்ட இருநூறு வருஷப் பழசு. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் இன்றைய பட்டறைக்காரர்களுக்குக் கொஞ்சம் கூச்சம் வரலாம்.

ராபர்ட் வைட் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்தார். வந்த வேலை மருத்துவம், பிடித்த பைத்தியம் செடி. பின்னால் கோயம்புத்தூரில் கம்பெனியின் பருத்திப் பண்ணையைப் பார்த்துக்கொண்டார். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் நீலகிரி. மலைச் செடிகளைச் சேகரித்தவர், அவற்றைப் படமாக எல்லோருக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று நினைத்தார். செம்புத் தகட்டில் செதுக்கினால் செலவு தாங்காது. அதனால் கல்லச்சைப் பிடித்தார். அந்தக் காலத்துக்கு அதுதான் பரிசோதனை அச்சு. வழுவழுப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு கலந்த மைக்கோலால் படம் போட வேண்டும். பிசினும் அமிலமும் தடவி, கல்லை நனைத்து, எண்ணெய் மையை உருட்ட வேண்டும். ஈரமான இடத்தில் மை ஒட்டாது, கொழுப்புக் கோட்டில் மட்டும் ஒட்டும். தாளை வைத்து அழுத்தினால் படம். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்கிற ஒரே ஒரு சமையலறை உண்மையை நம்பி நடக்கிற தொழில்.

1838 முதல் 1853 வரை சென்னையில் அப்படி அச்சான 'ஐகோனஸ் பிளாண்டாரம்' என்கிற ஆறு தொகுதிகளில் 2,101 படங்கள். அதற்கு நடுவில், 1846-லிருந்து 1851-க்குள், நீலகிரிச் செடிகளுக்கென்றே இரண்டு தொகுதிகள், வண்ணத்தில். பெயர் 'ஸ்பிசிலீஜியம் நீல்கெரென்ஸ்'.

இதில் வைட் படம் வரையவில்லை. வரைந்தவர்கள் நம்மூர் ஆட்கள் இருவர். முதலில் ரங்கய்யா, அவருக்குப் பிறகு கோவிந்து. தெலுங்கு பேசும் ஓவியக் குடும்பத்தினர், தஞ்சாவூர் ஓவிய மரபோடு தொடர்புள்ளவர்கள் என்று சொல்லப்படுகிறது. அவர்கள் போட்ட படத்தில் செடி அழகாக இருக்கும். கூடவே ஓரத்தில் அதே பூவைப் பிளந்து வைத்த படம் இருக்கும். மகரந்தம் எத்தனை, சூலகம் எப்படி, விதை என்ன வடிவம் என்று வரிசையாகக் காட்டியிருப்பார்கள். கீழே செடியின் பெயர். பல தாள்களில் வரைந்தவர் பெயரும் சின்ன எழுத்தில் உண்டு. கோவிந்துவின் திறமையை மெச்சி வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயா' என்று பெயர் வைத்தார். தாவரவியலாளர்கள் பிற்பாடு அதை வேறு பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள், அது வேறு கதை. காலனிக் காலத்து எஜமான் ஒருவர், கூலிக்கு வரைந்த ஓவியரின் பெயரைச் செடிக்கு வைத்திருக்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

ரங்கய்யா, கோவிந்து வரைந்த மூலப் படங்களில் நூற்றுக்கணக்கானவை இன்று எடின்பரோ தாவரவியல் பூங்காவில் பத்திரமாக இருக்கின்றன. ஹென்றி நோல்டி என்பவர் 2007-ல் இவர்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். இங்கே? மே மாத மலர்க் கண்காட்சிக்கு ஊட்டியில் நெரிசலில் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த இரண்டு பெயர்கள் தெரியும்? கையை மடக்கி எண்ணிவிடலாம்.

கோவிந்து வரைந்தது கல்லில்தானே, நிஜ இலையை வைத்து அச்செடுப்பது புதுசுதானே என்று யாராவது சொல்லலாம். அதுவும் பழசு. 1857-லேயே ஹென்றி ஸ்மித் என்பவர் சென்னை அரசிதழ் அச்சகத்தில், பதப்படுத்தாத செடிகளிலிருந்தே நேரடியாக எடுத்த அச்சுகளைத் தொகுத்து வெளியிட்டுவிட்டார். எந்தச் செடி என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தத் தொழிலே இருந்தது.

"கலை வேறு, தாவரவியல் வேறு. கலைஞனிடம் செடிப் பெயரைக் கேட்பது அராஜகம்" என்பது அடுத்த வாதம். சித்தூர் பக்கம் 1925-ல் பிறந்த கிருஷ்ணா ரெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சாந்திநிகேதனில் படித்து, சென்னை கலாக்ஷேத்ராவில் கற்பித்து, பாரிஸ் போய் அச்சுக்கலையையே புரட்டிப் போட்டவர். ஒரே தகட்டில், மையின் கெட்டித்தன்மையை மாற்றி மாற்றிப் பல வண்ணங்களை ஒரே அழுத்தில் எடுக்கும் முறை அவர் பெயரோடு சேர்ந்தே பேசப்படுகிறது. அவருடைய புகழ்பெற்ற அச்சுகளின் தலைப்புகள் பூச்சி, மீன், அலை, நீர்ச்சுழல். எதைப் பார்த்தாரோ அதை விடாமல் பார்த்தார், அதற்காக ஒரு செய்முறையையே உருவாக்கினார். பரிசோதனை என்றால் அது. பொறுக்கிய இலையை வேகவைத்து எது வந்தாலும் அழகு என்று சொல்வதற்கு வேறு பெயர் இருக்கிறது. பொழுதுபோக்கு. அதில் தப்பில்லை, ஆனால் சீட்டில் அதையே போடுங்கள்.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. "சோலைச் செடியைப் பறிப்பதைவிட அந்நிய இலையைப் பறிப்பது நல்லதுதானே?" நல்லதுதான். முழுக்கச் சரி. காப்புக்காட்டில் போய் யாரும் எதையும் பறிக்கக் கூடாது. கற்பூரம், சீகை, உண்ணிச்செடி எல்லாவற்றையும் தாராளமாக வெட்டி அச்சிடுங்கள். அப்படியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்பதுதான் கோரிக்கை. இதற்கு முன்மாதிரி அதே மாவட்டத்தில் இருக்கிறது. கூடலூர், முதுமலைப் பகுதிப் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணிச்செடித் தண்டுகளால் ஆள் உயரத்தைத் தாண்டிய யானைகளைச் செய்கிறார்கள். 2021-ல் அந்த யானைக் கூட்டம் லண்டன் பூங்காக்களில் போய் நின்றது. 'இது காட்டைக் கெடுக்கும் செடி, அதை வெட்டித்தான் இந்த யானை' என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். சொன்னதால் மதிப்பு குறைந்ததா? கூடியது.

வணிகவியலில் முதல் வருஷமே சொல்லிக் கொடுக்கிற பாடம் ஒன்று: ஒவ்வொரு பதிவுக்கும் வவுச்சர் வேண்டும், கீழே விளக்கக் குறிப்பு வேண்டும். இல்லாவிட்டால் தொகை சரியாக இருந்தாலும் தணிக்கையாளர் ஏற்க மாட்டார். தாவரவியலிலும் ஆதாரத்துக்கு வைக்கும் காய்ந்த மாதிரிக்கு வவுச்சர் என்றுதான் பெயர். அச்சுக்கலையிலும் இதே ஒழுங்கு உண்டு. அச்சின் கீழே பென்சிலால் எத்தனையாவது பிரதி, மொத்தம் எத்தனை, தலைப்பு, கையெழுத்து என்று எழுதுவது மரபு. அந்த வரியில் இன்னும் மூன்றே விவரம் சேர்த்தால் போதும்: என்ன செடி, எந்த இடத்தில் எடுத்தது, அந்த மண்ணின் செடியா வந்த செடியா. காசு செலவில்லை. ஒரு பென்சில் போதும்.

"கற்பூர மரம், கோத்தகிரி சாலையோரம், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது." இப்படி எழுதிய ஒரு சால்வையை வாங்குகிறவர், வீட்டுக்குப் போய் அடுத்த கேள்வியைக் கேட்பார்: அப்படியானால் அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது? அந்தக் கேள்வி எழுந்தாலே அந்த அச்சு ஏதோ ஒரு வேலை செய்துவிட்டது என்று அர்த்தம். அதை எழுத மனம் இல்லாதவர்கள் 'நீலகிரியின் இயற்கை' என்கிற சீட்டைக் கழற்றிவிட்டு, 'அழகான துணி' என்று மட்டும் போட்டு விற்கட்டும். அதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.