இருக்கையும் முதுமையும்

ஐம்பதைக் கடந்தோர் யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவரை, ஏறத்தாழ 140 கிலோமீற்றர், மோட்டார் சைக்கிளிற் செல்வது இன்று புதுமையன்று. ஆசிரியரும் அவருள் உளர். இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வயது போய்விட்டது" என்பர். அக்கூற்று எமக்கு முற்றும் உடன்பாடன்று.

இருக்கை என்னுஞ் சொல் அமரும் இடத்தையுங் குறிக்கும். அமர்ந்திருக்கும் நிலையையுங் குறிக்கும். நம்மவர் முன்னதற்கு மெத்தை தேடுகின்றனர்; பின்னதை மறக்கின்றனர். மெத்தை மிக மென்மையாயின் உடல் அதனுள் அமிழ, இருப்பெலும்புகள் அடித்தட்டில் அழுந்தி நோகும். முதுகு கூனிக் கைப்பிடியை இறுகப் பற்றினாலோ, உடற்பாரமும் இயந்திரத்தின் அதிர்வும் மணிக்கட்டில் இறங்கி விரல்கள் மரத்துப்போம்.

மணிக்கொருமுறையேனும் இறங்கி நடத்தல் வேண்டும். மாங்குளத்தில் நின்றால் இளைஞர் நகைப்பரே என நாணுவதும், வழியில் ஒதுங்க நேருமே என நீர் பருகாதிருப்பதும் பேதைமை. (பாடவேளைதோறும் மாணவரை எழுந்து அசையவிடும் நாம், நம் முதுகுக்கு அவ்விரக்கத்தைக் காட்டுவதில்லை!) "ஒரே ஓட்டத்தில் வந்தேன்" என்பாரைப் புகழ்வதையும் நிறுத்துவோமாக. நடந்த பின்னும் மரப்பு நீங்காதாயின், தைலம் பூசிக் காலங் கடத்தாது மருத்துவரிடங் காட்டல் வேண்டும்.